நாலாவது காற்றாடி

மதியம் ஒன்றே முக்காலுக்கு மேட்டில் காற்று பிடித்துக்கொண்டது. மீட்டரக்காவுக்கு அதைத் தெரிந்துகொள்ள வெளியே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மின்நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல் கதவு படாரென்று ஒருமுறை அடித்தது. டீ டம்ளரின் மேல் அவள் மூடி வைத்திருந்த காகிதம் பறந்துபோய்ப் பேனலின் காலடியில் ஒட்டிக்கொண்டது. பேனலில் லைன் சுமையைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. சிவப்புக் கோட்டைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது அவள் எழுந்துபோய் நாலாவது பொத்தானை அழுத்தினாள். மேட்டில் சுற்றிக்கொண்டிருந்த நாலு மின்சாரக் காற்றாடிகளில் கடைசியாக இருந்தது மெல்ல மெல்ல வேகம் குறைந்து, கூப்பிட்டு வேலை இல்லை என்று சொல்லப்பட்ட ஆளைப் போல நின்றுவிட்டது.

லாக் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துப் பக்கத்தில் ‘நிறுத்தம்’ என்று எழுதினாள். அந்த வார்த்தையை எழுதும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். காரணம் இருந்தது. நின்றுபோன காற்றாடிக்கும் ஊர் காசு கட்டுகிறது.

கணக்கு பெரிய கணக்கில்லை. ஊருக்குள் மின்சாரம் கொடுப்பது ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கம். மேட்டில் காற்றாடி நட்டது ஒரு வெளிக் கம்பெனி. காற்றாடி எவ்வளவு மின்சாரம் தருகிறதோ அவ்வளவையும் சங்கம் யூனிட்டுக்கு நாலு ரூபாய் என்று பதினைந்து வருஷம் வாங்கிக்கொள்ள வேண்டும். காற்று இருந்தும் சங்கம் நிறுத்தச் சொன்னால், ஓடியிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதற்கும் அதே நாலு. வாடகை வண்டியை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு நடந்துபோகிற கதைதான்.

அப்படியானால் ஏன் நிறுத்த வேண்டும்? நல்ல காற்றில் நாலு காற்றாடியும் ஓடும். மதியத்தில் ஊர் சாப்பிடுவதோ ஒன்றரைக் காற்றாடியின் மின்சாரம். மீதியை வெளியே அனுப்பலாம் என்றால், ஊருக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பழைய லைன். அது இன்னொரு ஒன்றரையைத்தான் தாங்கும். மிச்சம் நிற்கும் ஒரு காற்றாடிக்குப் போக்கிடம் கிடையாது. சாயங்காலம் கதை தலைகீழ். வீடெல்லாம் விளக்கும் அடுப்பும் ஃபேனும் ஓடும், காற்று படுத்துவிடும். அப்போது அதே லைன் வழியாக வெளியிலிருந்து யூனிட்டுக்குப் பதினொன்று கொடுத்து வாங்க வேண்டும். மதியம் வீசி எறிந்த அதே சாமானைச் சாயங்காலம் மூன்று மடங்கு விலைக்கு வாங்குகிற ஊர் என்று மீட்டரக்காவின் கணவர் சொல்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர். ஒரு ஊரைக் கிண்டல் செய்ய அவருக்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

மீட்டரக்கா இந்த அறைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவள். பெயர் அப்படி ஒட்டியது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மீட்டர் பெட்டிக்குள் சாவியை ஒளித்துவைப்பார்கள், யார் வீட்டில் ஹீட்டரை அணைக்க மறந்துபோவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மீட்டர்கள் தாங்களே கணக்கு அனுப்பத் தொடங்கியதும் சங்கம் அவளைப் பேனலுக்கு முன்னால் உட்காரவைத்தது.

வீதியில் நடந்த கடைசி வருஷத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். காற்றாடி வேண்டுமா என்று உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சங்கத்துத் தலைவர் போனால் கதவு திறக்காது. மீட்டரக்கா போனால் திறக்கும். இரண்டாயிரத்து நூறு வீடு. சங்கம் கொடுத்த துண்டுக் காகிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னாள். “காத்துக்கு யாரும் விலை வைக்க முடியாது. பில்லு ஏறாது.” அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு வாசலிலும், “நான் சொல்றேன்” என்று தன் கையிலிருந்து இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். ஜனங்கள் கையெழுத்துப் போட்டது அந்த இரண்டு வார்த்தைக்குத்தான்.

இப்போது சங்கத்துப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டாவது லைன் இழுக்க வேண்டும். செலவுக்காக ஒவ்வொரு வீட்டு பில்லிலும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தொகை கூடும். இரண்டு மாதத்தில் கூட்டம் கூடி முடிவெடுக்கும்.

மறுநாளே எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர் பிடித்துக்கொண்டார். கண்ணாடி வெட்டி மாட்டும் கடை வைத்திருப்பவர். எதையும் பளிச்சென்று கேட்டுவிடுவார்.

“என்ன மீட்டரக்கா, காத்து இலவசம், லைனுக்கு மட்டும் காசா?”

“கூட்டம் இன்னும் நடக்கலையே.”

“நடக்கட்டும், நடக்கட்டும். நான் அன்னிக்கு யோசிச்சேன். வேண்டாம்னுதான் இருந்தேன். உங்க முகத்துக்காகப் போட்டேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார். அது அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். “ரெண்டாயிரத்து நூறு வாசல்ல நின்னு சொல்லியிருக்கேங்க. இனிமே தெருவுல எப்படி நடப்பேன்?”

“ஒவ்வொரு வாசலாப் போய் மன்னிப்புக் கேளு. ஒரு ஆறு மாசம் ஆகும். ரெண்டு ஜோடி செருப்பு போதும்.”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு.”

“சரி, விளையாட்டு இல்லாம கேக்கறேன். அந்த லைனு நிஜமாவே வேணுமா, வேண்டாமா? நீதானே நாள் முழுக்க முள்ளையே பாத்துட்டு உக்காந்திருக்கே?”

முள்ளைப் பார்க்கிறாள்தான். சிவப்புக் கோட்டைத் தொடுகிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறாள். ஏன் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அடுத்த வாரம் முழுக்கப் பழைய லாக் புத்தகங்களைப் புரட்டினாள். மீட்டர் பார்த்த கண். எண்கள் அவளுக்கு வீடுகள் மாதிரி; முகம் தெரியும். சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு, தினமும், மழையோ வெயிலோ, ஊரின் தேவை திடுதிப்பென்று எகிறியது. வீடுகள் அப்படிச் செய்யாது. ஒரு வீட்டில் ஐந்தரைக்கு விளக்குப் போடுவார்கள், இன்னொரு வீட்டில் ஏழுக்கு. மணி அடித்த மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் எகிறினால் அங்கே மோட்டார் இருக்கிறது என்று அர்த்தம்.

லீவு நாளில் நேரே தண்ணீர்த் தொட்டி பம்ப் அறைக்குப் போனாள். அங்கே மோட்டார் போடுவது அவளுடைய கொழுந்தன். சுத்தமான ஆள், மோட்டாருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த துணியைக்கூடத் துவைத்துக் காயப்போடுவான்.

“வாங்க அண்ணி. அண்ணன் எதாவது சொல்லி அனுப்புச்சா?”

“இல்லப்பா. ஒண்ணு கேக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏன் மோட்டார் போடறே?”

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, சுவரைக் காட்டினான். சுவரில் நீலப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: காலை 5 – 7, மாலை 6 – 8.

“போர்டு சொல்லுது, போடறேன்.”

“போர்டுல யார் எழுதினது?”

“நான் வேலைக்கு வரும்போதே இருந்துச்சு. அப்ப பகல்ல மோட்டார் போட்டா நூல் மில்லுக்குக் கரண்டு பத்தாதாம். மில்லுக்காரங்க வந்து சண்டை போடுவாங்களாம்.”

“மில்லு மூடி பதினாறு வருஷம் ஆச்சேப்பா.”

“ஆச்சு. அங்கதான் இப்ப லாரி நிறுத்தறாங்க.”

“அப்புறம்?”

“மில்லை மூடினவங்க யாரும் போர்டை அழிக்கச் சொல்லலையே அண்ணி.”

மீட்டரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தொட்டி எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டாள். நிறைந்தால் ஒன்றரை நாள் வரும் என்றான். ஆக, மதியம் போட்டாலும் தண்ணீர் தண்ணீர்தான். அங்கிருந்து ஐஸ் கம்பெனிக்குப் போனாள். அங்கேயும் சாயங்காலம் ஆறுக்குத்தான் பெரிய கம்ப்ரசரை ஓட்டினார்கள். ஏன் என்றால் முதலாளியின் அப்பா அப்படித்தான் ஓட்டினார். அவர் ஏன் அப்படி ஓட்டினார் என்றால் மில். காய்கறிக் குளிர்கிடங்கில் கேட்டாள். மில். இல்லாத மில்லுக்குப் பயந்து பதினாறு வருஷமாக ஒரு ஊரே சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருந்தது. மதியத்தில் காற்றாடியை நிறுத்துவதும், சாயங்காலம் விலை கொடுத்து வாங்குவதும் ஒரே தவறின் இரண்டு முனைகள்.

மூன்று இடத்தையும் கூட்டிப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஒரு காற்றாடியின் மின்சாரம்.

சங்கத்துப் பொறியாளர் வயதில் அவளைவிட இருபது குறைந்தவர். நல்லவர், ஆனால் எதற்கும் காகிதம் கேட்பவர். அவருடைய மேசையில் இரண்டாவது லைனுக்கான கோப்பு, கையெழுத்துக்கு மட்டும் காத்துக்கொண்டு கிடந்தது. சாயங்கால மோட்டார்களை மதியக் காற்றுக்கு மாற்றிவிடலாம் என்று அவள் சொன்னாள்.

“அக்கா, நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா வரும்?”

“சொல்லிட்டுத்தான் சார் வருது. காலையில ஏழு மணிக்குக் கம்பெனிக்காரன் அனுப்புறான், இன்னிக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு காத்து வரும்னு. நாலு வருஷமா வருது. யாரும் திறந்து பாக்கறதில்லை.”

அவரும் திறந்து பார்த்ததில்லை.

“ஐஸ்காரர் ஒத்துக்கணுமே. அவருக்கு என்ன லாபம்?”

“பாதி விலைக்குக் கொடுங்க சார். நிறுத்தி வெச்சாலும் நாலு கட்டறோம். ரெண்டுக்கு வித்தா அந்த ரெண்டாச்சும் கைக்கு வருமே. சாயங்காலம் பதினொண்ணுக்கு வாங்கறதும் குறையும்.”

பொறியாளர் கால்குலேட்டரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் சொன்னார்: “நாப்பது நாள் தர்றேன். போன நாப்பது நாள்ல நூத்திப் பதினெட்டு மணி நேரம் நிறுத்தியிருக்கோம். அது பாதியாகணும். ஆச்சுன்னா கூட்டத்துல நானே லைன் வேண்டாம்னு சொல்றேன். ஒரு மணி நேரம் கூடினாலும் கையெழுத்து. சரியா?”

“சரி சார்,” என்றாள்.

முதல் நாள் அருமையான காற்று. காலையிலேயே எல்லாருக்கும் சொல்லிவைத்தாள். பம்ப் அறை, ஐஸ் கம்பெனி, குளிர்கிடங்கு, பெரிய சலவைக்கடை, எல்லாரையும் சேர்த்துப் போனில் ஒரு குழு. மதியம் ஒன்று நாற்பதுக்கு முள் ஏறியது. அவள் குழுவில் ஒரே வரி போட்டாள்: ‘காத்து வந்தாச்சு. போடுங்க.’

போட்டார்கள். அத்தனை பேரும், ஒரே நொடியில்.

பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அது மீட்டரக்காவுக்குத் தெரியாததல்ல. ஆனால் சொன்ன வினாடியில் போடுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. பதினாறு வருஷம் சுவர் எழுத்துக்குப் பணிந்த ஊர் என்பதை மறந்துபோனாள். பேனலுக்குள் டமாரென்று ஒரு சத்தம். ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் மேட்டில் நாலு காற்றாடியும் நின்றன. ஒன்றை ஓடவைக்கப் போய் நாலையும் நிறுத்தியாகிவிட்டது.

போன் அலறியது. முதல் ஆள் கண்ணாடிக்காரர்.

“அக்கா! பில்லு ஏறாதுன்னீங்க, சரி. கரண்டே வராதுன்னு சொல்லலையே!”

“பத்தே நிமிஷம்ங்க.”

“நான் பாதிக் கண்ணாடி வெட்டிட்டு நிக்கறேன்!”

“மீதிப் பாதியையும் அப்புறம் வெட்டலாம், ஓடிப் போகாது,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றினாள். பொறியாளர் வாசலில் வந்து நின்றார். லாக் புத்தகத்தைத் திறந்து அந்த நிறுத்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நாலு காற்றாடி, முக்கால் மணி நேரம். ஆக மூன்று மணி நேரம். நாற்பது நாளில் முதல் நாளே இப்படி.

அன்று சாயங்காலமே ஒரு தாளில் வரிசை எழுதினாள். ஒருவர் போட்டு ஏழு நிமிஷம் கழித்துத்தான் அடுத்தவர். இனிமேல் குழுவில் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன். தாளை எழுதியது சுலபம். யார் முதலில் என்பதில்தான் ரகளை. முதலில் போடுகிறவருக்கு மலிவு மின்சாரம் அதிக நேரம் கிடைக்கும்.

“தண்ணிக்கு என்ன அவசரம்?” என்றார் ஐஸ்காரர். “தொட்டியில போய் சும்மா உக்காந்திருக்கப் போகுது. என்னுது உறையணும். உறையறதுக்கு நேரம் வேணும்.”

“ஊரே தண்ணி குடிக்குது. உங்க ஐஸை ஊரா திங்குது?” என்றான் கொழுந்தன்.

“உன் அண்ணிகிட்ட சலுகை கேக்கறியா?”

“அண்ணி சலுகை கொடுத்தா நான் ஏன் வெயில்ல நின்னு மோட்டார் போடறேன்? வீட்டுல படுத்திருப்பேனே.”

மீட்டரக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு முடிவு சொன்னாள். உறைய நேரம் பிடிப்பதால் ஐஸ் முதலில், அடுத்து கிடங்கு, பிறகு தண்ணீர், கடைசியில் சலவைக்கடை. கொழுந்தன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான்.

அவனால் வந்த இன்னொரு தொல்லை, அவனுடைய பழக்கம். மதியமே தொட்டி நிறைந்த நாளிலும் சாயங்காலம் ஆறு அடித்தால் அவன் கால் தானாக ஸ்விட்சுக்கு அருகில் போய் நின்றது. இரண்டு முறை போட்டும்விட்டான், தொட்டி வழிந்தது. மீட்டரக்கா ஆள் அனுப்பிச் சுவரிலிருந்த எழுத்துக்கு வெள்ளையடிக்கவைத்தாள்.

“சுவரு மொட்டையா இருக்கு அண்ணி. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு.”

“உனக்கு என்ன வேணுமோ நீயே எழுதிக்கோ.”

அடுத்த முறை போனபோது அதே இடத்தில், அதே நீலப் பெயிண்டில், அழகான எழுத்தில் இருந்தது: ‘அண்ணி போன் செய்யும்போது.’

பதினோராம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள்வரை காற்றே இல்லை. நிறுத்தமும் இல்லை, ஆனால் மீட்டரக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. காற்று அடிக்காமலே போய்விட்டால் எதை நிரூபிப்பது? இருபதாம் நாள் வந்தது பாருங்கள், வட்டியும் முதலுமாக. மூன்று நாள் விடாமல் அடித்தது. முதல் நாள் வரிசை அழகாக ஓடியது, நாலு காற்றாடியும் சுற்றின. இரண்டாம் நாள் மதியம் மூன்றுக்குள் தொட்டி நிறைந்தது, ஐஸ் அறையில் கால் வைக்க இடமில்லை, சலவைக்கடையில் துவைக்கத் துணியில்லை. காற்று மட்டும் நிற்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது பொத்தானை அழுத்தினாள். எல்லாவற்றையும் ஒரு ஊர் குடித்துத் தீர்த்துவிட முடியாது என்பது அன்றைக்குப் புரிந்தது.

நாற்பதாம் நாள் பொறியாளர் தானே வந்து உட்கார்ந்து கூட்டினார். இரண்டு முறை கூட்டினார். முதல் நாள் விபத்தையும் சேர்த்து ஐம்பத்தொரு மணி நேரம். பாதிக்குக் கீழே எட்டு மணி நேரம். சாயங்காலம் பதினொன்றுக்கு வாங்கியது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

“உங்களுக்குத் தெரியும்னு நினைக்கறேன் அக்கா,” என்றார், “இந்தக் கோப்புக்கு நான் எட்டு மாசம் உழைச்சேன்.”

“தெரியும் சார்.”

“பரவாயில்லை. அதை எடுத்து வெக்க ஒரு அலமாரி மட்டும் காட்டுங்க.”

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சிறுபிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் முட்ட பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் சொன்ன சொல் மாறவில்லை. லைன் மூன்று வருஷத்துக்கு வேண்டாம், மதியத்துப் பாதி விலையை நிரந்தரமாக்கலாம் என்றார். ஒரு சிலர் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரர் எழுந்தார்.

“அப்ப பில்லு குறையுமா?”

பொறியாளர் மீட்டரக்காவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

“குறையாது. மிச்சமாகறது காத்தாடிக்காரனுக்கே சரியாப் போகும். ஆனா இந்த மூணு வருஷம் ஏறாது. அப்புறம் புது வீடு நிறைய வந்தா, இல்ல இன்னொரு காத்தாடி நட்டா, லைன் வேண்டியிருக்கும். அன்னிக்கு நானே வந்து ஏறும்னு சொல்லிடுவேன்.”

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். “இது போதும்க்கா. இப்படிச் சொன்னா கணக்குப் போட்டு வெச்சுக்கலாம்ல,” என்று உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னார்கள். எண்ணவே தேவையிருக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டு தெருவில் நாலு பேர் நிறுத்திப் பேசினார்கள். ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. ஒருவர் தன் வீட்டு மீட்டர் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்றார். இன்னொருவர் மதிய விலை வீட்டுக்கும் உண்டா என்று கேட்டார். அவள் எல்லாருக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். முப்பது நிமிஷ வழிக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கணவர் வாசலில் நின்றுகொண்டு, “பஸ்ஸே வந்து சேர்ந்துடுச்சு, நடந்து வந்தவளைக் காணோம்” என்றார்.

மறுநாள் மதியம் வழக்கம்போல முள் ஏறியது. ஐஸ்காரருக்குப் போன் போட்டுவிட்டு ஏழு நிமிஷத்துக்காக அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரொட்டிக்கடைக்காரர்.

“அக்கா, நானும் மின்சார அடுப்பு வாங்கிட்டேன். என்னையும் வரிசையில சேர்த்துக்கோங்க. முதல்லயே.”

“முதல்லயா? ஐஸ்காரர் என்னைக் கொன்னுடுவார்.”

“அவருது ஐஸ்தானே, பொறுமையா இருப்பார். என்னுது மாவு. புளிச்சுப் போயிரும்.”

“எவ்வளவு இழுக்கும் உங்க அடுப்பு?”

அவர் சொன்னார். அவள் தாளை எடுத்துச் சலவைக்கடைக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

“அஞ்சாவது ஆள் நீங்க. ரெண்டு பத்துக்குப் போடுங்க. ஒரு நிமிஷம் முன்னாடி போட்டா இந்த மீட்டரக்காகிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க.”

“ரெண்டு பத்துக்கே போடறேன்க்கா,” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அவள் போனை வைத்துவிட்டு அடுத்ததாகக் குளிர்கிடங்கை அழைத்தாள்.